நொடிக்கு 400 சுற்று! 'ரூட்டர்' எந்திரத்தை ஆபத்து இல்லாமல் ஓட்டுவது எப்படி?

வீட்டு வாசற்கதவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓரம் எல்லாம் வளைவு. நடுவில் பூவும் கொடியும். கண்ணாடி பதித்த இடத்தில் காடி.

ஒரு காலத்தில் இவ்வளவையும் உளியும் கொட்டாப்புளியும்தான் செய்தன. இன்று பல பட்டறைகளில் அந்த வேலையை ஒரு கை எந்திரம் செய்கிறது. அதன் பெயர் ரூட்டர்.

மேலே ஒரு மோட்டார். இரண்டு பக்கமும் கைப்பிடி. கீழே வட்டமான அடித்தட்டு. தட்டின் நடுவில் உள்ள துளை வழியாக ஒரு சிறிய கத்தி நீட்டிக் கொண்டு இருக்கும். அதைத் தச்சர்கள் 'பிட்' என்பார்கள்.

பிட் பார்ப்பதற்குச் சுண்டு விரல் அளவுதான். ஆனால் அது சுற்றும் வேகம் என்ன தெரியுமா? பல எந்திரங்களில் நிமிடத்துக்கு 24 ஆயிரம் சுற்று! அதாவது, ஒரு நொடிக்கு 400 சுற்று!

1 அங்குல அகலம் உள்ள பிட் இந்த வேகத்தில் சுற்றினால், அதன் வெட்டு முனை மணிக்கு சுமார் 115 கிலோ மீட்டர் வேகத்தில் பாய்கிறது. விரலில் இருந்து சில அங்குல தூரத்தில் இந்தப் பாய்ச்சல்! மரத்துக்குப் பதில் விரல் அகப்பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவை இல்லை.

இந்த எந்திரத்தை அடக்குவதற்கு முரட்டு பலம் வேண்டாம். அது எந்தப் பக்கம் இழுக்கும் என்பது தெரிந்தால் போதும்.

பிறந்த கதை

முதல் உலகப் போர்க் காலம். அமெரிக்காவில் சிராக்யூஸ் என்ற ஊரில் கார்ட்டர் என்று ஒருவர் இருந்தார். வார்ப்படத்துக்கு மர அச்சு செய்வது அவர் தொழில். ஒரு நாள் அவசர வேலை. மின்சார முடிவெட்டும் கருவியில் இருந்த திருகுப் பல் தண்டை எடுத்தாராம். அதைக் கூராக்கி, மோட்டாரில் மாட்டி, மரத்தைச் செதுக்கினாராம். அப்படி வளர்ந்த தொழிலை 1929-ம் ஆண்டில் ஸ்டான்லி நிறுவனம் விலைக்கு வாங்கியது.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்

பிட் மாற்றும்போது சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக்கையும் பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் போட வேண்டும்.

பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்க்குக் 'காலெட்' என்று பெயர். தண்டை அடி வரை உள்ளே விட்டு, பிறகு 2 அல்லது 3 மில்லி மீட்டர் வெளியே இழுத்து இறுக்க வேண்டும். அடியில் முட்டிக் கொண்டு இருந்தால் பிடி சரியாக விழாது. ஓடும்போது பிட் நழுவும். தண்டு முக்கால் அங்குலமாவது உள்ளே இருப்பது நல்லது.

கால் அங்குலத் தண்டும் 6 மில்லி மீட்டர் தண்டும் ஒன்று போலத் தோன்றும். ஒன்று அல்ல! கால் அங்குலம் என்பது 6.35 மில்லி மீட்டர். ஒன்றின் காலெட்டில் மற்றதைப் போடவே கூடாது.

எந்தப் பக்கம் தள்ளுவது?

இதுதான் முக்கியமான பாடம்.

மேலே இருந்து பார்த்தால், பிட் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுகிறது. அதன் பற்கள் மரத்தை எதிர்த்து வெட்டும்படி எந்திரத்தைத் தள்ள வேண்டும். மாற்றித் தள்ளினால், பிட் மரத்தில் சக்கரம் போல ஏறி ஓடும். மிரண்ட மாடு வண்டியை இழுத்துக் கொண்டு ஓடுவது போல, எந்திரம் கையை இழுத்துக் கொண்டு போய்விடும்!

நினைவில் வைக்க ஒரு வழி உண்டு. பலகையை முன்னால் வைத்துக் கொள்ளுங்கள். வெட்ட வேண்டிய ஓரம் உங்கள் பக்கம் இருக்கட்டும். இப்போது தமிழ் எழுதுகிற திசையில், இடம் இருந்து வலமாகத் தள்ளுங்கள். அதுதான் சரி.

பலகையின் 4 ஓரங்களையும் சுற்றி வெட்டுவதானால்? கோவில் பிரகாரத்தைச் சுற்றுவதற்கு நேர் எதிர்த்திசையில் போக வேண்டும். ஜன்னல் சட்டத்தின் உள் ஓரத்தை வெட்டும்போது மட்டும், பிரகாரம் சுற்றும் திசையிலேயே போக வேண்டும்.

4 ஓரங்களில், மர ரேகை வந்து முடியும் தலைப்புப் பக்கத்தை முதலில் வெட்டுங்கள். அங்கே முனையில் சிம்பு பெயர்ந்தாலும், அடுத்து நீள ஓரத்தை வெட்டும்போது அது பெரும்பாலும் மறைந்து விடும்.

பேராசை வேண்டாம்

12 மில்லி மீட்டர் ஆழம் உள்ள காடி வேண்டுமா? ஒரே தடவையில் இறக்காதீர்கள். ஒரு தடவைக்கு 3 மில்லி மீட்டர். 4 தடவையில் வேலை முடிந்து விடும். மோட்டாரும் திணறாது. பிட்டும் உடையாது.

பிட் பெரிதானால் வேகத்தைக் குறைக்க வேண்டும். 2 அங்குல பிட்டை 24 ஆயிரம் சுற்றில் ஓட்டினால், அதன் முனை மணிக்கு சுமார் 230 கிலோ மீட்டர் வேகத்தில் பாயும்! ஒவ்வொரு பிட்டுக்கும் அதிகபட்ச வேகம் உண்டு. அதைத் தாண்டக் கூடாது. பெரிய பிட் என்றால், வேகத்தை மாற்ற முடியாத எந்திரத்தில் அதை மாட்டாமல் இருப்பதே நல்லது.

மரம் கருகுகிறதா? ஒன்று, கை மெதுவாகப் போகிறது. அல்லது பிட் மழுங்கிவிட்டது.

கோடு பிசகாமல் இருக்க

காடி நேராக வர, கையை நம்பாதீர்கள். நேரான ரீப்பர் ஒன்றைப் பலகை மேல் வைத்து, இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அதை ஒட்டியே எந்திரம் போகட்டும்.

ரீப்பரை எங்கே வைப்பது? அதற்கு ஒரு சின்னக் கணக்கு. அடித்தட்டின் அகலம் 150 மில்லி மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். அதில் பாதி 75. பிட்டின் அகலம் 12. அதில் பாதி 6. எழுபத்தைந்தில் ஆறு போனால் 69. ஆகவே, காடியின் ஓரக் கோட்டில் இருந்து 69 மில்லி மீட்டர் தள்ளி ரீப்பரை வைக்க வேண்டும்.

எந்திரம் போகும் திசைக்கு இடது கைப் பக்கம் ரீப்பர் இருக்கட்டும். அப்போது பிட் எந்திரத்தை ரீப்பரோடு சேர்த்தே இழுக்கும். கோடு பிசகாது.

நல்ல பலகையில் கை வைக்கும் முன்பு, ஒரு துண்டு மரத்தில் வெட்டி அளந்து பாருங்கள். துண்டு மரம் வீணானால் நஷ்டம் இல்லை. தேக்குப் பலகை வீணானால்?

தோளில் துண்டு வேண்டாம்

தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, கையுறை இவை எதுவும் ஓடும் ரூட்டர் அருகே இருக்கக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். காதுக்கு அடைப்பு வேண்டும். தினமும் இந்த இரைச்சலில் நின்றால் காது கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு விடும்.

மூக்குக்கும் கவசம் அவசியம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் 1995-ம் ஆண்டிலேயே மரத்தூளைச் சேர்த்திருக்கிறது. நுண்ணிய தூளைத் தடுக்கும் முகக்கவசம்தான் உதவும். கைக்குட்டை போதாது.

கரண்டு போனால்?

வேலை நடுவில் கரண்டு போய்விட்டதா? உடனே சுவிட்சை நிறுத்துங்கள். மறந்து போய் எந்திரத்தைக் கீழே வைத்தால், கரண்டு வந்ததும் அது தானே துள்ளிக் கிளம்பும்!

மோட்டாரைப் போடும்போது பிட் மரத்தைத் தொடக் கூடாது. முழு வேகம் வந்த பிறகே மரத்தில் இறக்க வேண்டும். நிறுத்திய பின்பும் பிட் சிறிது நேரம் சுற்றிக் கொண்டு இருக்கும். அது அடங்கும் வரை இரண்டு கையும் கைப்பிடியை விடக் கூடாது. பலகையைக் கிளாம்ப் பிடிக்கட்டும். ஒரு கையால் பலகையையும் மறு கையால் எந்திரத்தையும் பிடிப்பது விபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு, சுவிட்சைக் காட்டும் முன்பு இந்த விதிகளைச் சொல்லிக் கொடுங்கள். அவன் சம்பாத்தியத்தை எதிர்பார்த்து ஒரு வீடு காத்திருக்கிறது.

எந்திரம் கெட்டால் வேறு வாங்கலாம். பிட் உடைந்தால் புதிதாக மாட்டலாம். விரல் எந்தக் கடையிலும் கிடைக்காது!