ஒரு கயிறு, ஒரு முடிச்சு, 20 அடி உயரம்: மர வேட்டைக்காரர்களின் ‘பிரிட்ஜ்’ எப்படி வேலை செய்கிறது?

அக்டோபர் 1. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில், அம்பு கொண்டு மான் வேட்டையாடும் சீசன் தொடங்கும் நாள். விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, நெற்றியில் சின்ன விளக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் காட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். பொருத்தமான ஒரு மரம் பார்த்து, 20 அடி வரை ஏறி, மரத்தில் கட்டிய பாத அகலப் பலகை ஒன்றில் கால் வைத்து, இடுப்பைச் சுற்றிய ஒரு பட்டையில் சாய்ந்துகொள்வார்கள். நாற்காலி கிடையாது, கைப்பிடி கிடையாது. வெள்ளைவால் மான் அந்தப் பக்கம் வரும்வரை மணிக்கணக்கில் அப்படியேதான்.

இதற்குப் பெயர் ‘சேடில் ஹன்ட்டிங்’. மிச்சிகனின் ஜான் எபர்ஹார்ட் போன்ற சில வில் வேட்டைக்காரர்கள் 1980-களிலிருந்தே இப்படிச் செய்துவந்தாலும், 2010-களின் பிற்பகுதியில்தான் இது பெரிய அளவில் பரவியது. காரணம் எளிது. பழைய முறையில் மரத்தில் மாட்டும் இரும்பு இருக்கையைக் காட்டுக்குள் சுமந்து போக வேண்டும். சேடிலோ மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். இன்று ஒரு மரம், நாளை வேறொரு மரம்.

(இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை தண்டனைக்குரிய குற்றம். அமெரிக்காவில் மாநில அரசுகளே உரிமம் கொடுத்து, சீசன் வைத்து, எத்தனை மான் என்ற கணக்கோடு இதை அனுமதிக்கின்றன.)

சரி, 20 அடி உயரத்தில் அந்த ஆளைப் பிடித்து வைத்திருப்பது எது?

மூன்று பொருள்கள்தான்

மரத்தைச் சுற்றி, ஏறக்குறைய தலை உயரத்தில் ஒரு கயிறு கட்டப்படும். அது ‘டெதர்’. இடுப்புப் பட்டையின் இரண்டு பக்கத்திலும் அழுத்தமாகத் தைத்த வளையங்கள் இருக்கும். இடது வளையத்திலிருந்து வலது வளையத்துக்கு, வயிற்றுக்கு முன்னால் பாலம் மாதிரி ஒரு குட்டைக் கயிறு போகும். அதுதான் ‘பிரிட்ஜ்’. இந்த இரண்டையும் இணைப்பது பூட்டு உள்ள ஒரு கொக்கி, கேரபினர். கொக்கி பிரிட்ஜின் மேல் இடமும் வலமும் வழுக்கி ஓடும். அதனால்தான் தொங்கிக்கொண்டே உடம்பைத் திருப்பி அம்பு விட முடிகிறது.

அலுமினியக் கேரபினர்கள் பல 22 கிலோநியூட்டன் வரை தாங்கும். அதாவது, சுமார் 2,200 கிலோ. டெதர் கயிறும் தடிமனானது. ஆனால், பிரிட்ஜ்? பெரும்பாலும் சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரே ஒரு கயிறு. கூடுதல் பாதுகாப்புக்கு இரண்டாவது பிரிட்ஜ் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எல்லோரும் மாட்டுவதில்லை.

நீளத்தை ஏன் மாற்ற வேண்டும்?

நிலையான நீளம் கொண்ட பிரிட்ஜில் சிக்கலே வராது, நகரும் பாகமே இல்லையே. அப்படியிருந்தும் பலர் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பிரிட்ஜைத் தேடுவதற்குக் காரணம், இடுப்பு வலி.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆளின் எடை 80 கிலோ. இரண்டு வளையங்களுக்கும் இடையே 40 செ.மீ. முழு எடையும் பிரிட்ஜில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரிட்ஜின் நீளம் 80 செ.மீ. என்றால், கொக்கிக்குக் கீழே கயிறு 60 டிகிரி கோணத்தில் பிரியும். ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் சுமார் 46 கிலோ இழுவிசை இருக்கும். அதில் இடுப்பை உள்பக்கமாக நெரிக்கும் பங்கு 23 கிலோ.

இப்போது அதே பிரிட்ஜை 46 செ.மீ.-க்குச் சுருக்கினால் கோணம் 120 டிகிரி ஆகிவிடும். ஒவ்வொரு பக்கமும் 80 கிலோ. இடுப்பை நெரிக்கும் விசை 69 கிலோ! மூன்று மடங்கு. பலகையில் கால் ஊன்றியிருந்தால் எடையில் ஒரு பகுதி அங்கே போய்விடும் என்பதால் நிஜத்தில் இவ்வளவு இருக்காது. ஆனால், விகிதம் இதேதான். மூன்று மணி நேரம் கழித்து தொடை மரத்துப்போவது இதனால்தான்.

அப்படியென்றால் எப்போதும் நீளமாகவே வைத்துக்கொண்டால் என்ன? அதுவும் ஆகாது. மானுக்கும் தனக்கும் நடுவே அடிமரம் மறைவாக இருக்க வேண்டும் என்றால், மரத்தோடு ஒட்டி நிற்க வேண்டியிருக்கும். அதற்குக் குட்டை பிரிட்ஜ் வசதி. விலகிச் சாயவும் பின்பக்கம் திரும்பவும் நீளம் தேவை. நவம்பர் குளிரில் தடித்த ஜாக்கெட் போட்டால் மறுபடி எல்லாம் மாறும். ஒரே நாளில் நாலைந்து முறை மாற்ற வேண்டிய அளவு இது.

செய்வது எப்படி?

கடையில் தைத்து, சோதித்து, ரெடியாகவே கிடைக்கிறது. ஆனாலும் வீட்டு மேஜையில் உட்கார்ந்து தாங்களே செய்துகொள்பவர்கள் நிறைய.

பொதுவான வடிவம் இப்படி இருக்கும். 8 மி.மீ. கயிறு ஒன்று. மலையேற்றத்துக்கோ மீட்புப் பணிக்கோ தயாரான, உறை போட்ட கயிறாக இருக்க வேண்டும். துணி காயப்போடும் கயிறு இல்லை. இதன் ஒரு முனை இடது வளையத்தில் நிரந்தரமாகக் கட்டப்படும். வலது வளையத்தில் 6 மி.மீ. மெல்லிய கயிற்றால் ஆன சின்னக் கண்ணி மாட்டப்படும். அந்தக் கண்ணி, பெரிய கயிற்றின் மேல் மூன்று சுற்றுச் சுற்றி இறுகப் பிடித்துக்கொள்ளும். மிச்சமுள்ள கயிறு வால் மாதிரி வெளியே தொங்கும். வாலை இழுத்தால் பிரிட்ஜ் குட்டையாகும். எடையை எடுத்துவிட்டு, முடிச்சைக் கையால் தளர்த்தித் தள்ளினால் நீளும்.

இந்தச் சுற்று முடிச்சு புதிதல்ல. ஆஸ்திரிய மலையேற்ற வீரர் கார்ல் ப்ரூசிக் 1931-ல் அறிமுகப்படுத்தியது, அவர் பெயரிலேயே ‘ப்ரூசிக்’ என்று அழைக்கப்படுகிறது. எடை விழுந்தால் சுற்றுகள் இறுகிக் கயிற்றைக் கவ்வும். எடை இல்லாவிட்டால் வழுக்கும். நகரும் இரும்பு எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. மான் வேட்டையில் ‘கிளிக்’ என்ற ஒரு சத்தம் போதும், காத்திருந்ததெல்லாம் வீண்.

மெல்லிய கயிறு ஏன் 6 மி.மீ.? சுற்றும் கயிறு பெரிய கயிற்றைவிட மெல்லியதாகவும் நெகிழ்வாகவும் இருந்தால்தான் கவ்வும். இரண்டும் ஒரே தடிமன் என்றால் நழுவும் ஆபத்து. ரொம்ப மெல்லியதாகப் போனால் இறுகிப்போய் விரலால் தளர்த்தவே முடியாது, வலுவும் போதாது. ஐரோப்பியத் தர விதிப்படி 6 மி.மீ. துணைக்கயிறு குறைந்தது 7.2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 730 கிலோ தாங்க வேண்டும். முடிச்சு போட்டால் அதில் ஒரு பங்கு குறையும். கண்ணியாக இரட்டை இழை வரும்போது ஓரளவு ஈடாகும்.

எங்கே தப்பு நடக்கிறது?

முதல் இடம், வாலின் நுனி. அங்கே தடித்த ஒரு தடுப்பு முடிச்சு இல்லாவிட்டால், பிரிட்ஜை நீட்டிக்கொண்டே போகும்போது ப்ரூசிக் கயிற்றின் முனையைத் தாண்டி வெளியே வந்துவிடும். இருட்டில், கையுறை போட்ட விரல்களுக்கு இது தெரியாது. செலவே இல்லாத இந்த ஒரு முடிச்சைத்தான் அனுபவசாலிகள் முதலில் தேடிப் பார்ப்பார்கள்.

இரண்டாவது, கயிறு தேர்வு. எடைக்கு எடை பார்த்தால் எஃகுக் கம்பியை மிஞ்சும் ‘டைனீமா’ இழைக் கயிறுகள் சேடில் உலகில் பிரபலம். நிலையான பிரிட்ஜுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால், அது வழவழப்பானது. சாதாரண முடிச்சு நழுவும், ப்ரூசிக் சரியாகக் கவ்வாது. சுமார் 150 டிகிரி செல்சியஸில் உருகியும்விடும். எடையோடு முடிச்சு சரசரவென்று ஓடினால் உராய்வுச் சூடே அதைப் பதம் பார்க்கும். அதனால்தான் சுற்றும் கயிற்றுக்குப் பலர் சூடு தாங்கும் ‘அராமிட்’ இழையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது உருகுவதில்லை; சுமார் 500 டிகிரியில்தான் சிதைய ஆரம்பிக்கும்.

டைனீமாவில் முடிச்சுக்குப் பதில், கயிற்றின் முனையை அதன் வயிற்றுக்குள்ளேயே செருகிக் கண்ணி செய்வது வழக்கம். செருகும் நீளம் விட்டத்தைப்போல் 70 மடங்குக்கு மேல் இருக்க வேண்டும் என்பது கயிறு தயாரிப்பாளர்களின் கணக்கு. 8 மி.மீ. கயிற்றுக்கு அரை மீட்டருக்கும் அதிகம். மொத்தமே 80 செ.மீ. பிரிட்ஜில் இரண்டு பக்கமும் இதைச் செய்ய இடம் எங்கே? வீட்டில் செய்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சமாளித்துவிடுகிறார்கள். சமாளிக்கக் கூடாத இடமும் இதுதான்.

மூன்றாவது, தொய்வு. சேடிலின் மொத்தப் பாதுகாப்பும் கயிறு எப்போதும் இழுவையில் இருப்பதில்தான் உள்ளது. டெதர் கட்டிய இடத்துக்கு மேலே ஏறி நின்று கால் வழுக்கினால் கதை வேறு. 80 கிலோ ஆள் 60 செ.மீ. விழுந்து, நீளவே நீளாத கயிற்றில் 5 செ.மீ. தூரத்துக்குள் நின்றால், சராசரி விசை எடையைப்போல் 13 மடங்கு. ஆயிரம் கிலோவைத் தாண்டும். மேலே சொன்ன 730 கிலோவை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

நான்காவது கொஞ்சம் விசித்திரமானது. கால் தடுமாறியதும் கை தானாகவே கிடைத்ததைப் பிடிக்கும். பிடிபடுவது பெரும்பாலும் அந்த முடிச்சுதான். இறுகியிருக்கும் ப்ரூசிக்கை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் அது கவ்வுவதை விட்டுவிட்டு நழுவலாம். மரம் ஏறிக் கிளை வெட்டும் தொழிலாளர்களும் மலையேறுபவர்களும் பயிற்சியில் இதைத் தனியாகவே கற்றுக்கொள்கிறார்கள். சேடில் வாங்கும் புதியவர்களுக்கோ பெரும்பாலும் வீடியோக்கள்தான் ஆசிரியர்.

தரையில் ஒரு சோதனை

புதுக் கயிறோ பழையதோ, சீசனுக்கு முன் செய்யும் சோதனை ஒன்றுதான். பாதம் தரையிலிருந்து ஒரு சாண் மட்டுமே உயரும்படி மரத்தில் கட்டி, முழு எடையையும் விட்டு, லேசாகக் குதித்துப் பார்ப்பது. முடிச்சு அரை அங்குலம் நகர்ந்தாலும் இன்னொரு சுற்று கூட்டி, மறுபடி முதலிலிருந்து. ஈரக் கயிற்றிலும் ஒரு முறை பார்க்க வேண்டும், ஏனெனில் அக்டோபர் விடியலில் எல்லாமே பனியில் நனைந்துதான் இருக்கும்.

பிறகு கண்பார்வைச் சோதனை. கேரபினர் தேய்த்து ஓடும் நடுப்பகுதியில் உறை பஞ்சுபோல் எழும்பியிருக்கிறதா? ப்ரூசிக் வழக்கமாக நிற்கும் இடத்தில் கயிறு கண்ணாடிபோல் மினுமினுக்கிறதா? மினுமினுப்பு என்றால் அங்கே இழை சூட்டில் உருகி இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கயிறு அத்தோடு சரி. துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிடுகிறார்கள், அடுத்த வருஷம் யாராவது ‘நல்லாத்தானே இருக்கு’ என்று எடுத்துக் கட்டிவிடக் கூடாது என்பதற்காக.