மூக்கினுள் வளரும் சதை: புதிய சிகிச்சைகள்

கேளம்பாக்கம் பகுதிப் பள்ளியொன்றில் வேதியியல் கற்பிக்கிறேன். செய்முறை வகுப்பில் சல்பைடு உப்புடன் நீர்த்த அமிலம் சேர்த்தபோது, "அழுகின முட்டை நாத்தம், சார்!" என்று மாணவர்கள் மூக்கைப் பொத்தினர். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆய்வகத்தில் எரிவாயு கசிந்தாலும் நான் அறிய மாட்டேன் என்பது அன்றுதான் உறைத்தது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்நோக்கியால் பார்த்து, இரு பக்கமும் திராட்சைக் கொத்துப் போலச் சதை வளர்ந்திருப்பதைக் காட்டினார். சைனஸ் அழற்சி 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்டது. அவ்வழற்சியால் வீங்கித் தொங்கும் சவ்வே இச்சதை. இது புற்றுநோயன்று. ஆனால், ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தால் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது.

உப்புநீரால் மூக்கைக் கழுவுதலும் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பானும் முதற்கட்டச் சிகிச்சை. கழுவும் நீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும். பலன் தராவிட்டால் உள்நோக்கி அறுவை சிகிச்சை. எனக்கும் அது நடந்தது, மூச்சு சீரானது. ஆயினும் சில ஆண்டுகளில் சதை மீண்டும் தலைகாட்டியது. சதையை அகற்றினாலும் அழற்சியின் வேர் உள்ளேயே இருப்பதுதான் காரணம்.

புதிய மருந்துகள் அந்த வேரைக் குறிவைக்கின்றன. அழற்சியைத் தூண்டும் புரதச் செய்திகளைத் தடுக்கும் எதிர்ப்பொருள் ஊசிகள் இவை. டுப்பிலுமாப், இன்டர்லூகின் 4, 13 ஆகியவற்றின் செய்தியைத் தடுக்கிறது. 2019இல் அமெரிக்காவில் பெரியவர்களுக்கும், 2024இல் 12 வயது நிரம்பியவர்களுக்கும் இது அனுமதிக்கப்பட்டது. ஆய்வுகளில் சதை சுருங்கியதுடன் நுகர்திறனும் மேம்பட்டது. ஒமாலிசுமாப் (2020), மெப்போலிசுமாப் (2021), டெசெபெலுமாப் (2025) ஆகியவை அடுத்தடுத்து வந்தன.

இவை எல்லோருக்கும் உரியவை அல்ல. விலை மிக அதிகம். ஊசியை நிறுத்தினால் சதை மீண்டும் வளரலாம். எனவே என் மருத்துவர் தெளிப்பானையே தொடரச் சொன்னார். தவறாமல் பயன்படுத்தியதில் காபி மணம் ஓரளவு திரும்பியுள்ளது. ஆய்வகத்தில் எரிவாயுக் குழாய்களை இப்போது ஒரு மாணவருடன் சேர்ந்தே சரிபார்க்கிறேன்.

குழந்தைகளிடம் இச்சதை அரிது. எனினும் வாயால் மூச்சுவிடும், மூக்கடைத்த குரலில் பேசும், வகுப்பில் தூங்கி வழியும் மாணவரைச் சோம்பேறி என்று முடிவு கட்ட வேண்டாம். ஒவ்வாமையோ அடினாய்டு வீக்கமோ காரணமாக இருக்கலாம். பெற்றோரிடம் சொல்லுங்கள், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். என் குறையை எனக்கு உணர்த்தியவர்கள் மாணவர்கள். அவர்கள் குறையை நாம் முதலில் கண்டுகொள்வோம்.