தோல்வி பயம் போனது, கதை தேங்கியது

தொலைக்காட்சி மல்யுத்தத்தில் யார் வெல்வார் என்பது முன்பே எழுதப்படுகிறது. அது ஊரறிந்த செய்தி. எனவே அதன் உயிர் கதையில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூஇ நிறுவனத்தில் அந்தக் கதை தேங்கியதற்கு எழுத்தாளர்களின் திறமைக் குறைவு காரணமல்ல. தோற்றுவிடுவோம் என்ற பயம் போனதே காரணம். 1995-ல் போட்டி மல்யுத்த நிறுவனமான டபிள்யூசிடபிள்யூ, டபிள்யூடபிள்யூஇயின் வாராந்திர நிகழ்ச்சியான ‘ரா’ ஒளிபரப்பாகும் அதே திங்கள் இரவில் ‘நைட்ரோ’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கி, ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் பார்வையாளர் எண்ணிக்கையில் முந்தியது. அந்த நெருக்கடியில்தான் முதலாளியையே எதிர்த்து நிற்கும் டபிள்யூடபிள்யூஇ வீரர் ஸ்டீவ் ஆஸ்டினின் பாத்திரம் உச்சம் தொட்டது. 2001-ல் அந்தப் போட்டி நிறுவனத்தையே டபிள்யூடபிள்யூஇ விலைக்கு வாங்கியதும் நெருக்கடி தீர்ந்தது. 2012-ல் ‘ரா’ மூன்று மணி நேரமானது. நேரத்தை நிரப்ப, அதே வீரர்கள் மீண்டும் மீண்டும் மோதினார்கள். வெற்றிக்கும் தோல்விக்கும் விளைவே இல்லாமல் போனது.

ஆனால் அதே நிறுவனத்தின் வீரர் ரோமன் ரெய்ன்ஸை மையமாக வைத்து எழுதப்பட்ட குடும்பக் கதை பெரும் வரவேற்பைப் பெறவில்லையா என்று கேட்கலாம். பெற்றது. 1,316 நாள் நீடித்த அவருடைய பட்டத்தைச் சுற்றி அக்கதை பொறுமையாக வளர்க்கப்பட்டது. ஆனால் அந்தப் பொறுமை மற்ற வீரர்களுக்குக் கிடைக்கவில்லை. 2019-ல் பிறந்த ஏஇடபிள்யூ என்ற புதிய மல்யுத்த நிறுவனம் நல்ல மாற்றுதான். எனினும் டபிள்யூடபிள்யூஇயின் வருமானத்தை அசைக்கும் அளவுக்கு அது வளரவில்லை. வருமானம் பெருகுவதே தரத்துக்குச் சான்று என்ற வாதமும் நிற்காது. ‘ரா’வை ஒளிபரப்ப நெட்ஃபிளிக்ஸுடன் செய்துகொண்ட பத்தாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 500 கோடி டாலருக்கும் மேல். இந்த வாரக் கதை சலித்தாலும் அந்தப் பணம் வரும். நேரத்தைக் குறைத்து, ஆண்டில் சில வாரம் ஓய்வு விட்டு, ஒவ்வொரு தோல்விக்கும் விலை வைத்தால் இந்தக் கலை மீளும். உடலை வருத்தி உழைக்கும் வீரர்களுக்கு நல்ல கதையாவது கிடைக்க வேண்டும்.