மட்டாஞ்சேரி கடைவீதியில் ஒரு காலை

மிளகு பேசுவதற்காகக் கொச்சி போயிருந்தோம். பத்து மணிக்கே காரியம் முடிந்துவிட்டது, ரயிலோ மாலையில்தான். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நடந்தே ஒரு சுற்று வந்தோம். நாற்பது வருடமாகப் போய் வருகிற தெருதான். நின்று பார்த்தது இதுவே முதல் தடவை.

1341-ல் பெரியாற்று வெள்ளத்தில் முசிறி தூர்ந்து, கொச்சித் துறைமுகம் பிறந்தது என்பார்கள். அதன் பிறகு எத்தனை ஜாதி ஜனம்! குஜராத்தி, கச்சி மேமன், கொங்கணி, யூதர், நம் தமிழர். 1568-ல் கட்டிய யூதர் ஜெப ஆலயம் உள்ள ஜூ டவுனில்தான் 1957-ல் தொடங்கிய மிளகு வியாபாரிகள் சங்கமும் இருந்து வந்தது. வாய்தா வியாபாரம் கூவிக் கூவி நடக்கும். புதிதாக வந்தவர்கள் சண்டை என்றே நினைப்பார்கள். யூதர்களில் பெரும்பாலோர் 1948-க்குப் பிறகு இஸ்ரேல் போய்விட்டார்கள்.

கிட்டங்கிகளுக்கு முன்வாசல் தெருப்பக்கம், பின்வாசல் காயல் பக்கம். வள்ளத்தில் வந்த சரக்கு பின்னால் இறங்கி முன்னால் வண்டி ஏறும். கட்டியவன் வியாபாரம் தெரிந்தவன்!

பழக்கமான குஜராத்தி சேட் கடையில் உட்கார்ந்தோம். சாக்கில் குத்தூசி போட்டு எடுத்த மிளகை ஒரு பிடி தண்ணீரில் போட்டார். பொக்கு மிதந்தது. பப்பாளி விதை கலந்திருந்தாலும் அப்படித்தான் மிதக்கும். அடுத்து லிட்டர் படியில் அளந்து எடை போட்டார். 550 கிராம் நின்றால் நல்ல கனம். நம்மில் பலர் நிறத்தைப் பார்த்தே மூட்டையை இறக்கிவிடுகிறோம். நாமும் ஒரு முறை அப்படி இறக்கி, ஆறு மூட்டையைப் பாதி விலைக்குத் தள்ளியதுண்டு.

இப்போது அந்தத் தெருவில் பழம்பொருள் கடையும் காபிக் கடையும் பெருகிவிட்டன. மிளகு விளைச்சலில் வியட்நாம் முந்திவிட்டது. 2011-ல் வல்லார்பாடத்தில் கன்டெய்னர் முனையமும் வந்துவிட்டது. மிளகில் மிஞ்சுவதைவிட, கிட்டங்கியை வாடகைக்கு விட்டால் மாதம் பிறந்ததும் நிச்சயமாகக் கைக்கு வரும் என்று பேரன் சொல்கிறானாம். சேட் இன்னும் சம்மதிக்கவில்லை.

நம் ஊரிலும் ஒரு ஜவுளிக் கடைக்காரர் மூன்று மாதமாக நமது கிட்டங்கியைக் கேட்டு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார். மகனுக்குக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம்.

"நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று சேட் கேட்டார். நாம் சுக்கு விலை என்ன என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே மாதிரி எடுத்து வரச் சொன்னார்.