இஜோ மொழியின் வினைத்தொடர்

நைஜீரியாவில் ஹௌசா, யொருபா, இக்போ ஆகிய பெருமொழிகளுக்கிடையே வழங்கும் சிறுபான்மை மொழிகளுள் ஒன்று இஜோ. இதனைப் பேசுவோர் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் மீன்பிடித்தும் படகுவழி வணிகம் செய்தும் வாழ்ந்தவர்கள். இவர்கள் பெரும்பான்மையாக வாழும் பயெல்சா மாநிலம் 1996-இல் அமைந்தது.

இம்மொழியின் கொலோகுமா வழக்கிற்கு கே வில்லியம்சன் எழுதிய இலக்கணம் 1965-இல் வெளிவந்தது. யொருபாவிலும் இக்போவிலும் வினை செயப்படுபொருளுக்கு முன் வரும். இஜோவிலோ, தமிழிற்போல, இறுதியில் வரும். 'அவன் இறால் எடு குழந்தை கொடு' என்பது இஜோ வைப்புமுறை. இறந்தகால விகுதியாகிய 'மீ' இறுதி வினையையே சாரும். முன்வினையாகிய 'அகி' (எடு) விகுதியின்றி நிற்கக் காணலாம். தமிழ் அவ்விடத்தில் வினையெச்சத்தை வேண்டும்.

ஆயினும் இதனை 'எடுத்துக் கொடுத்தான்' என்று பெயர்ப்பது பொருந்தாது. மூலத்தில் உள்ளது ஒரே செயல். பெயர்ப்பில் அது இரண்டாகிவிடுகிறது. 'அகி' ஈண்டுச் செயப்படுபொருளைச் சுட்டும் உருபளவில் தேய்ந்துள்ளது. 'இறாலைக் குழந்தைக்குக் கொடுத்தான்' என்பதே நேர்ப்பொருள். 'கத்தியைக் கொண்டு வெட்டினான்' என்பதில் 'கொள்' என்னும் வினை சொல்லுருபானதை அறிந்த தமிழருக்கு இது புதிதன்று.

இஜோ எழுத்தாளர் கேப்ரியல் ஒகாரா 'தி வாய்ஸ்' (1964) என்னும் ஆங்கில நாவலில் தம் தாய்மொழித் தொடரமைப்பை வலிந்து புகுத்தினார். ஆங்கில வாசகரைத் திகைக்கவைத்த அவ்வினையிறுதித் தொடர்கள் தமிழாக்கத்தில் இயல்பான தொடர்களாகிவிடும். அந்நாவலைப் பெயர்ப்போர் அதன் அயன்மையைச் சொல்வைப்பில் அன்றி, 'உள்ளம்', 'வயிறு' போன்ற உறுப்புச் சொற்களின் ஆட்சியில் தேட நேரும்.