தன் குரலுக்குத் தானே துணை

ஒருவர் பாடும்போது உடன்பாட இன்னொருவர் வேண்டும் என்பது உலக வழக்கு. தன் குரலுக்குத் தானே துணைக்குரலாய் நிற்றல் ஒருவருக்கு இயலுமா? இயலும் என்று காட்டியது ஒலிப்பதிவுக் கலை. ஆயினும் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்நிபந்தனையை நாம் தேடி அறியக் காரணமாயிருந்தவள் நம்மிடம் பயிலும் மாணவி ஒருத்தி.

சென்ற ஆண்டு அவள் தன் வீட்டில் இருந்தபடியே, கைத்தொலைபேசியின் உதவியால் ஒரு பாட்டைப் பதிவு செய்தாள். அவள் குரல் இனியது, ஆயின் மெலியது. பெரிய பாடகர்கள் தம் குரலை இரட்டித்துப் பதிவு செய்வர் என்று எங்கோ கேள்வியுற்று, தான் பாடியதைப் பிரதி எடுத்து மூலத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். "சேர், சத்தந்தான் கூடினது. குரல் அப்படியே இருக்குது. என்ரை குரல் பாட்டுக்குச் சரிவராது போலை" என்று சொல்லிப் பதிவையே அழித்துவிட எண்ணினாள். சிறிது பொறுக்குமாறு கூறினோமேயன்றி, அன்று அவளுக்கு விடை கூற நம்மால் இயலவில்லை. விடை தேடிப் புகுந்தபோது, அமெரிக்க நாட்டுத் தம்பதியர் இருவரின் வீட்டுக்குள் சென்று சேர்ந்தோம்.

லெஸ் போல் என்பவர் கிதார் வாத்தியத்தில் வல்லவர். பொறிகளைப் பிரித்துப் பூட்டுவதிலும் வல்லவர். ஹொலிவூட்டில் தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கி, ஒருவரே பல கிதார்களை வாசித்தது போன்ற இசைத்தட்டை 1948 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு தட்டில் வாசித்ததை ஒலிக்கவிட்டு, அதனுடன் தாமும் சேர்ந்து வாசித்து, இரண்டையும் மற்றொரு தட்டிற் பதிவதே அவர் கையாண்ட முறை. பின்னர்ப் பாடகர் பிங் குரொஸ்பி அவருக்கு அம்பெக்ஸ் ஒலிநாடாப் பொறி ஒன்றைக் கொடுத்தார். லெஸ் போல் அவ்வகைப் பொறியில் ஒலிப்புத் தலை ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தினார். நாடாவில் முன்பிருந்த ஒலியை அத்தலை வாசிக்கும். உடனே அவ்வொலி நாடாவிலிருந்து அழியும். அழிந்த இடத்திலே பழைய ஒலியும் புதிய ஒலியும் கலந்து பதியும்.

இம்முறையில் மறைந்திருந்த இடரை எண்ணிப் பாருங்கள். லெஸ் போலின் மனைவி மேரி போர்ட் தம் குரலின்மேற் குரலாகப் பாடி அடுக்குவார். ஐந்து அடுக்குகள் நன்கு அமைந்து, ஆறாவதில் ஓர் இருமல் புகுந்துவிட்டால், முந்திய ஐந்தும் அதனோடு கெடும். திரும்பப் பெற வழியில்லை, முதலிலிருந்தே தொடங்கவேண்டும். அடுக்கு ஏறுந்தோறும் பழைய ஒலி மங்கும் ஆதலால், சிறு பகுதிகளை முன்னும் தலைமைக் குரலை இறுதியிலும் பதிந்தனர். நியூயோர்க் நகரின் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் அவர்கள் குடியிருந்த வீட்டில் இவ்வாறு உருவான 'ஹவ் ஹை த மூன்' என்னும் பாட்டு, 1951 ஆம் ஆண்டில் 9 வாரங்கள் அந்நாட்டு விற்பனை வரிசையில் முதலிடத்தில் நின்றது.

அவர்கள் இத்துணைப் பாடுபட்டது எதற்காக? ஒரே பதிவைப் பிரதி எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், இரண்டின் அலைகளும் அணுவும் பிசகாது பொருந்துகின்றன. ஒலி 6 டெசிபல் உயரும், வேறொன்றும் நிகழாது. நம் மாணவி கண்டதும் இதுவே. அதே பாட்டை அவர் மறுமுறை பாடினாலோ, எத்துணைத் தேர்ந்தவராயினும், சுருதியில் ஒரு மயிரிழையும் காலத்தில் ஒரு நொடிக்கூறும் வேறுபடும். அவ்வேறுபாட்டையே நம் செவி குரலின் செழுமையாக உணர்கின்றது. பிழை என்று நாம் அஞ்சும் அச்சிறு விலகலே இங்கு அழகாகின்றது.

இலண்டன் மாநகரின் வரலாறு ஒன்றும் இதற்குச் சான்று. பீற்றில்ஸ் குழுவினரான ஜோன் லெனன் ஒரே பாட்டை இருமுறை பாடுவதில் சலிப்புற்றார். அது கண்ட கென் டவுன்சென்ட் என்னும் பொறியியலாளர், 1966 ஆம் ஆண்டில் அபி றோட் ஒலிப்பதிவுக் கூடத்திலே, பாடகர் மீண்டும் பாடாமலே குரலை இரட்டிக்கும் வழியொன்றை வகுத்தார். அவரும் வெறும் பிரதியோடு நின்றாரல்லர். இரண்டாவது நாடாப் பொறியின் வேகத்தைச் சற்றே கூட்டியும் குறைத்தும், பிரதி மூலத்தினின்று நொடியின் ஆயிரத்திற் சில பத்துக் கூறுகள் விலகி அலையுமாறு செய்தார். மனிதனின் தடுமாற்றத்தைப் பொறிக்குக் கற்பித்த பின்னரே குரல் இரட்டித்தது.

வீட்டிற் பாடிப் பதியும் மாணவர்களுக்குச் சில சொல்வோம். முதற் பதிவை ஹெட்போன் வழியே கேட்டுக்கொண்டு இரண்டாம் முறை பாடுக. ஒரு காதைத் திறந்து வைத்தால் சுருதி வழுவாது. இரண்டாம் குரலின் ஒலியைச் சற்றுக் குறைத்து வைக்க. உயிரெழுத்துகளின் நீட்சி சிறிது விலகினால் இனிமை. க, ச, ட, த, ப, ற என்னும் வல்லினம் விலகினாலோ இரட்டை ஒலியாய்ச் சிதறும். ஆதலால் இரண்டாம் முறை பாடுகையில் வல்லெழுத்துகளை மென்மையாக ஒலித்தல் நன்று. இசை பயில்வோர்க்கும் எழுத்திலக்கணம் உதவுகின்றதன்றோ!

இவையனைத்தையும் அம்மாணவிக்கு எடுத்துரைத்தோம். பதிவு அழியாதிருந்தது நல்லூழே. அன்று மாலையே மீண்டும் ஒரு முறை பாடிச் சேர்த்து, மறுநாள் நமக்குக் கேட்பித்தாள். குரல் மெலிந்ததுதான், எனினும் அதன் பக்கத்தில் ஒரு துணை நின்றது. அத்துணையும் அவளே. "இது என்ரை குரல்தானா சேர்?" என்று அவள் கேட்டபோது முகத்தில் இருந்த மலர்ச்சியை நாம் மறப்பதற்கில்லை.

மேரி போர்ட் அஞ்சிய இழப்பு இன்று இல்லை; பிழைபட்ட அடுக்கை மட்டும் நீக்கி மீண்டும் பாடலாம். ஆயின் மீண்டும் பாடும் உழைப்பு மட்டும் நீங்கவில்லை. பிரதி ஒலியைப் பெருக்கும். குரலைப் பெருக்க மறுமுறையும் வாய் திறந்தே ஆகவேண்டும்.