மின்னொளி விளக்கும் மறுமின்னேற்றக் கலமும்

பள்ளிப் பரிசளிப்பு விழா. மாணவி ஒருத்தி மேடையேறிக் கோப்பையைப் பெறுகின்றாள். படம் பிடிப்பவர் பொத்தானை அழுத்துகின்றார். ‘பிளாஷ்’ எனப்படும் மின்னொளி விளக்கு எரியவில்லை. அது மீண்டும் ஆயத்தமாவதற்குள் அடுத்த மாணவன் வந்து நிற்கின்றான். அம்மாணவிக்கு அந்தக் கணம் திரும்பி வாராது. இத்தகைய ஏமாற்றத்திற்குப் பல வேளைகளில் விளக்கு காரணமன்று. அதனுள் இடப்பட்ட மின்கலங்களே காரணம்.

மின்னொளி விளக்கின் உள்ளே செனான் வாயு நிரப்பிய குழாய் ஒன்று உண்டு. மின்கலங்கள் தரும் சிறிய அழுத்தம் ஒரு மின்சுற்றினால் ஏறத்தாழ 300 வோல்ட்டாக உயர்த்தப்பட்டு, மின்தேக்கியில் சேர்த்து வைக்கப்படுகின்றது. பொத்தானை அழுத்தியதும் அது கண்ணிமைக்கும் நேரத்திற்குள் குழாயில் பாய்ந்து ஒளியாகின்றது. குடத்தைச் சிறுகச் சிறுக நிரப்பி, ஒரே வீச்சில் கவிழ்ப்பதைப் போன்றது இது. குடம் நிரம்பிவிட்டால் ஒளியில் குறைவில்லை. நிரம்ப எடுக்கும் நேரமே கலத்துக்குக் கலம் வேறுபடும்.

கடைகளில் வாங்கும் அல்கலைன் கலத்தின் அழுத்தம் 1.5 வோல்ட். மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க நிக்கல்-உலோக ஐதரைடு கலத்தின் அழுத்தமோ 1.2 வோல்ட். அழுத்தம் குறைந்தது விரைவிலும் குறைந்ததுதானே என்று தோன்றலாம். உண்மை அதற்கு மாறானது. குடத்தை நிரப்பும் வேளையில் விளக்கு பல ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது ஒவ்வொரு கலத்தின் அகத்தடையும் அழுத்தத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடுகின்றது.

அல்கலைன் கலத்தின் அகத்தடை 0.15 ஓம், மற்றதன் அகத்தடை 0.03 ஓம், மின்னோட்டம் 4 ஆம்பியர் எனக் கொள்க. முன்னது இழப்பது 0.6 வோல்ட், எஞ்சுவது 0.9. பின்னது இழப்பது 0.12 வோல்ட், எஞ்சுவது 1.08. ஓய்வில் பெரிதாயிருந்தது உழைப்பில் சிறிதாகின்றது! மேலும், அல்கலைன் கலம் தேயத் தேய அதன் அகத்தடை ஏறிக்கொண்டே போகும். ஆதலின் விழாவின் பிற்பகுதியில் காத்திருப்பு நீளும்.

மறுமின்னேற்றக் கலத்திற்கும் குறையுண்டு. பழைய வகைகள் பயன்படுத்தாதபோதும் சில வாரங்களில் மின்னேற்றத்தைப் பெரிதும் இழந்துவிடும். 2005-இல் சான்யோ நிறுவனம் ‘எனிலூப்’ என்ற பெயரில் வெளியிட்ட, மெல்ல இழக்கும் வகை இக்குறையைப் பெரிதும் நீக்கியது. எவ்வகையாயினும், விழாவுக்கு முதல்நாள் இரவு மின்னேற்றிக்கொள்வதே நன்று.

நான்கு கலங்கள் இடும் விளக்கில் நான்கும் ஒரே வகையாகவும், ஒரே வயதினவாகவும், ஒருங்கே மின்னேற்றப்பட்டனவாகவும் இருத்தல் வேண்டும். ஒன்று நலிந்தால் மற்றவை அதனை வருத்திக் கெடுத்துவிடும். அதே அளவில் கிடைக்கும் 3.7 வோல்ட் லித்தியம்-அயனிக் கலத்தை இவற்றுக்குப் பதிலாக இடலாகாது, விளக்கு பழுதாகும். விரைந்து நிரம்புகின்றதே என்று இடைவிடாது ஒளிரச் செய்தால் விளக்கு சூடேறிக் கெடும். கலங்களை எடுத்த பின்னும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். ஆகையால் விளக்கைத் திறந்து பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒன்றல்ல என்பதை வகுப்பில் விளக்க இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை. உறையில் அச்சிட்ட எண்ணை மட்டும் நோக்கிக் கலத்தைத் தேர்பவர், மேடையில் நிற்கும் மாணவியைக் காத்திருக்கச் செய்பவராவார்.